நெஞ்சுப் படம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், திருவானைக்காவில், 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி பிறந்த சந்திரசேகர வேங்கடராமனுக்கு ஏழு வயது நிறைந்த மறுநாள், ஜெர்மனி தேசத்து வூர்ட்ஸ்பர்க் நகரில் ரோண்ட்கன் என்னும் பேராசிரியர், கறுப்புக் காகிதத்தால் மூடிய குழாய் ஒன்றிலிருந்து புறப்பட்டு, எட்ட இருந்த ரசாயனத் திரையை ஒளிரச் செய்த, கண்ணுக்குப் புலப்படாத ஒரு கிரணத்தைக் கண்டறிந்தார். அதன் ஸ்வரூபம் விளங்காமையால் 'எக்ஸ்' என்றே பெயரிட்டார். அக்கிரணம் சிதறும் விதத்தை விஞ்ஞானி காம்ப்டன் ஆராய்ந்து கண்ட உண்மைக்கு ஒப்பான ஒன்று ஒளியிலும் உண்டா என்று தேடிய தேட்டமே, பிற்காலத்தில் நம் ராமனை 1928ஆம் ஆண்டில் 'ராமன் விளைவு' என்னும் புகழ்பெற்ற முடிவுக்குக் கொண்டு சேர்த்தது. 1934இல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் எழுந்த பர்னார்டு இன்ஸ்டிடியூட் இக்கிரணத்தின் வைத்தியப் பிரயோகத்தைத் தமிழ்நாட்டில் தனியொரு சாஸ்திரமாக நிலைபெறச் செய்தது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அக்கிரணத்தை அறிந்ததோ இருமலால்தான். விடாத இருமல், தேறாத உடம்பு, சாயங்காலத்தில் லேசான கணகணப்பு, கழுத்தில் நெறி கட்டுதல் ஆகியவற்றுள் இரண்டு சேர்ந்துவிட்டால், "பிரைமரி காம்ப்ளெக்ஸாக இருக்கும், எதுக்கும் ஒரு படம் எடுத்துப் பார்த்துடுங்கோ" என்று எதிர்வீட்டு மாமியே சொல்லிவிடும் அளவுக்கு, எழுபது எண்பதுகளில் அந்தச் சொல் ஸ்ரீரங்கத்து வீதிகளில் புழங்கியது. சிசுப் பருவத்து க்ஷயரோகத்தின் முதல் பற்றுதலுக்கு அதுவே பெயர். கையில் க்ஷயத்தைச் சோதிக்கும் மாண்டூ ஊசி, நெஞ்சுக்கு ஒரு படம், பிறகு மாதக்கணக்கில் மருந்து, மருந்து முடிந்ததும் மறுபடி ஒரு படம் என்பது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டிருந்தது. அவை யாவும் அநாவசியம் என்று சொல்ல நான் துணியேன். க்ஷயம் இந்த நாட்டின் கொடிய உண்மை, அந்தப் படங்களால் பிழைத்த பிள்ளைகளும் உண்டு.

1976இல், என் ஆறாம் வயதில், அம்மா என்னை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றிக் காவிரிப் பாலம் கடந்து திருச்சிக்குப் படம் எடுக்க அழைத்துச் சென்றாள். இருட்டறை போன்ற அந்த இடத்தில், சட்டையைக் கழற்றிய என் மார்பை ஜில்லென்ற தட்டின்மேல் பதியவைத்து, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி அம்மாவையே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எடுப்பவர் மட்டும் தடுப்புச் சுவருக்கு அப்பால் போய் நின்று, "மூச்சை இழு... பிடி... அசையாதே" என்றார். நான் அசைந்தேன். படம் கலங்கிவிட்டதென்று இன்னொரு முறை எடுத்தார்கள். ஹைப்போ ரசாயன நெடியுடன், நான்கு மூலையும் கிளிப்பில் மாட்டி நீர் சொட்டத் தொங்கிய அந்தப் படத்தில் என் விலா எலும்புகளை எண்ணிப் பார்த்து நான் மகிழ்ந்திருந்தேன். அம்மா அப்போது என் தம்பியை மூன்று மாதமாகச் சுமந்திருந்தாள். கருவுற்றிருக்கிறாயா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. ஈயக் கவசமும் கொடுக்கவில்லை. தம்பி இன்று சுகமாக இருக்கிறான். ஆனாலும் கேட்கப்படாத அந்தக் கேள்வி என்னை விட்டு நீங்கியதில்லை.

அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1956இல், ஆக்ஸ்போர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்னும் பெண் வைத்தியர், புற்றுநோயால் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மாரிடம் கர்ப்ப காலத்து விவரங்களைக் கேட்டறிந்து, வயிற்றில் இருக்கும்போதே எக்ஸ்ரேக்கு உட்பட்ட சிசுக்களுக்கு அந்நோய் அதிகம் நேர்வதைக் காட்டியிருந்தார். வைத்திய உலகம் அதை முழுமனத்துடன் ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. வளரும் உடம்பில் உயிரணுக்கள் விரைந்து பெருகுவதாலும், முன்னால் நீண்ட ஆயுள் கிடப்பதாலும், பெரியவர்களைவிடக் குழந்தைகளையே இக்கிரணம் அதிகமாகப் பாதிக்கும் என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை.

இதைச் சொல்லிப் பெற்றோரைப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. இக்காலக் கருவியில் ஒரு நெஞ்சுப் படத்தால் உடம்பில் சேரும் கதிர்வீச்சு ஏறக்குறைய 0.02 மில்லி சீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லி சீவர்ட் நம்மைச் சேர்கிறதாகையால், அது மூன்று நாள் சும்மா வாழ்ந்ததற்கு ஈடு. தலைக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனோ அத்தகைய நூறு படங்களுக்குச் சமானம். சி.டி. ஸ்கேன் செய்யப்பட்ட சுமார் 1,80,000 இளம் பிராயத்தினரைத் தொடர்ந்து கவனித்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, இரத்தப் புற்றும் மூளைக்கட்டியும் சிறிதளவு கூடுவதை 2012இல் வெளியிட்டது. அபாயம் சிறிதே, ஆயினும் காரணமின்றி ஏற்கத்தக்கதன்று.

திருவெறும்பூர் பாய்லர் தொழிற்சாலையின் நினைவும் எனக்கு இங்கே எழுகிறது. அறுபதுகளிலிருந்து அங்கே உருவாகும் பெரும் கொதிகலன்களின் பற்றவைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்று இதே கிரணத்தால்தான் படமெடுத்துச் சோதிக்கிறார்கள். அந்த வேலையைச் செய்பவர் தம் உடம்பில் படும் அளவைக் கணக்கிடும் பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டே செய்யவேண்டும் என்பது விதி. இரும்பைப் படமெடுக்கிறவருக்கு இருந்த கணக்கு, பையனைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய்க்கு இல்லாமற் போயிற்று. 1983இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்து, எக்ஸ்ரே அறையின் சுவர், கவசம், வாசலில் சிவப்பு விளக்கு ஆகியவற்றுக்கெல்லாம் நியதி வகுத்த பிறகே இந்நிலை மாறத் தொடங்கியது.

இன்று திருச்சிப் புத்தூரிலும் தில்லைநகரிலும் எக்ஸ்ரே அறைக்கு வெளியே, கருவுற்றிருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கும்படி தமிழில் எழுதி வைத்திருப்பதைக் காண்கையில் எனக்கு அம்மாவின் முகம் தோன்றுகிறது. பெற்றோரை நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே: இந்தப் படத்தால் சிகிச்சை மாறுமா, அல்ட்ராசவுண்டு போதாதா என்று டாக்டரிடம் பணிவாகக் கேளுங்கள், அவர் அவசியம் என்றால் தயங்காமல் எடுங்கள். குழந்தையைப் பிடித்துக்கொள்ள நேர்ந்தால் கவசத்தைக் கேட்டு வாங்கி அணியுங்கள். எடுத்த படத்தைப் பீரோவில் பத்திரப்படுத்தி, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டு போங்கள்.