அறுவடை வரைக்கும் அண்ணன் தம்பி!



சட்டத்துக்குப் புறம்பாக நாடு விட்டு நாடு போகிறார்களே, அதற்குக் காரணம் போகிறவனின் ஆசையா, கூப்பிடுகிறவனின் தேவையா? எதிரணித் தம்பி 'ஆசை, ஆசை' என்று அடுக்கினார். நான் கேட்கிறேன்: வேலையே இல்லாத ஊருக்கு எவனாவது ஆசைப்பட்டுப் போவானா? எல்லை தாண்டித் திருட்டுத்தனமாகப் போய்ப் பட்டினி கிடக்கணும்னு யாருக்காவது ஆசை வருமா? (சிரிப்பு)

வேலி தாண்டுகிறவனை எல்லோரும் பார்க்கிறோம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று 'வா, வா' என்று கையசைத்தவனை யார் பார்த்தது? சரித்திரம் பார்த்திருக்கிறது ஐயா. அமெரிக்கா - மெக்சிகோ எல்லையின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டுவோம்.

1917-லே அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. குடியேற வருகிறவனுக்குப் படிக்கத் தெரிந்திருக்கணும். தலைக்கு 8 டாலர் வரி கட்டணும். சரி, அப்படியென்றால் வயலிலே களை எடுப்பது யார்? அதே ஆண்டிலேயே மெக்சிகோ விவசாயக் கூலிகளுக்கு விதிவிலக்குக் கொடுத்துவிட்டார்கள்! 1930-களிலே பொருளாதார மந்தம் வந்தது. உடனே 'உங்க ஊருக்குப் போங்க' என்று லட்சக்கணக்கானவர்களை மெக்சிகோவுக்குத் தள்ளினார்கள். அவர்களிலே பலர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அப்புறம் உலகப் போர் வந்தது, ஆள் பற்றாக்குறை வந்தது. 1942-லே இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு மறுபடியும் கூப்பிட்டார்கள். 'பிராசெரோ' திட்டம் என்று பெயர். 1964 வரை சுமார் 45 லட்சம் வேலை ஒப்பந்தங்கள்!

இப்போ 1948 அக்டோபருக்கு வாங்க. டெக்சாஸ் மாநிலம், எல் பாசோ எல்லை. வயலிலே பருத்தி வெடித்து நிற்கிறது. எங்கள் ஆட்களுக்கு 100 பவுண்டு பருத்திக்கு 3 டாலர் கூலி வேண்டும் என்கிறது மெக்சிகோ. இரண்டரை டாலர்தான் என்கிறார்கள் பண்ணைக்காரர்கள். பேச்சு முறிந்தது. என்ன நடந்தது தெரியுமா? அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகளே எல்லையைத் திறந்துவிட்டார்கள்! ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே வந்தார்கள். வந்தவர்களைக் கைது செய்தார்கள். கைது செய்து எங்கே அனுப்பினார்கள்? சிறைக்கா? இல்லை ஐயா, பருத்திக் காட்டுக்கு! (கைதட்டல்) மெக்சிகோ கோபப்பட்டு ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டது.

இது ஏதோ ஒரு நாள் கூத்து என்று நினைக்காதீங்க. அதிபர் ட்ரூமன் அமைத்த குழு 1951-லே அறிக்கை கொடுத்தது. 1947 முதல் 1949 வரை மெக்சிகோவிலிருந்து முறையாகப் புதிதாக அழைத்து வரப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். திருட்டுத்தனமாக வந்த பிறகு காகிதம் கொடுத்துச் சட்டபூர்வமாக்கப்பட்டவர்கள் 1,42,000 பேர்! முன்வாசலைவிடக் கொல்லைப்புற வாசல் அகலம்.

'ஆற்றைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ' என்பது நம்ம ஊர்ப் பழமொழி. ரியோ கிராண்டே ஆற்றங்கரையிலே அது வேறு மாதிரி. ஆற்றைக் கடந்து வந்தால் அண்ணன் தம்பி. அறுவடை முடிந்தால் நீ யாரோ நான் யாரோ!

1952-லே வந்த சட்டத்தைக் கேளுங்கள். காகிதம் இல்லாதவனை ஒளித்து வைத்தால் குற்றம். ஆனால் அவனிடம் வேலை வாங்குவது ஒளித்து வைத்ததாக ஆகாது! இரண்டே வருஷம் கழித்து, 1954-லே, பெரிய வேட்டை நடத்தி அதே கூலிகளை லாரியிலும் ரயிலிலும் கப்பலிலும் ஏற்றி அனுப்பினார்கள். 1986-லே தவறு புரிந்து, வேலை கொடுக்கிறவனுக்கும் தண்டனை என்றார்கள். 'தெரிந்தே' வேலை கொடுத்தால் தண்டனை. அவ்வளவுதான், போலிக் காகிதம் வந்தது, இடையிலே ஒப்பந்தக்காரர் வந்தார், முதலாளிக்கு எதுவும் தெரியாமல் போயிற்று! (சிரிப்பு)

எதிரணி அம்மையார் கேட்டார்கள்: 'வந்தவனாலே உள்ளூர்த் தொழிலாளியின் கூலி குறையவில்லையா?' நியாயமான கேள்வி அம்மா. குறைகிற இடமும் உண்டு. ஆனால் குறைத்தது யார்? காகிதம் இல்லாதவன் கூலி உயர்வு கேட்டால், மறுநாள் போலீஸ் வரும். வாயைத் திறக்க முடியாத ஆள்தான் மலிவான ஆள். அவனுடைய பயத்திலே ஒருவர் லாபம் பார்க்கிறார். அதற்கு விலை கொடுப்பது அவனும் உள்ளூர்க்காரனும்.

அதே 1948, ஜனவரி 28. கலிபோர்னியாவிலே மெக்சிகோ தொழிலாளர்களைத் திருப்பி அனுப்ப ஏற்றிச் சென்ற விமானம் லாஸ் கட்டோஸ் பள்ளத்தாக்கில் விழுந்து நொறுங்கியது. இறந்தவர்கள் 32 பேர். அதிலே 28 பேர் தொழிலாளிகள். ஒப்பந்தம் முடிந்தவர்களும் உண்டு, காகிதம் இல்லாதவர்களும் உண்டு. விமானிக்குப் பெயர் போட்ட பத்திரிகைகள், இவர்களை 'நாடு கடத்தப்பட்டவர்கள்' என்று ஒரே சொல்லிலே முடித்துவிட்டன. ஃபிரெஸ்னோ நகரத்து மயானத்திலே ஒரே குழி. அவர்கள் பெயரைக் கல்லிலே பொறிக்க 2013 வரை, 65 வருஷம் ஆயிற்று.

அவர்கள் பறித்த பழம் சந்தைக்குப் போயிற்று. அந்தப் பழத்தை யாரும் 'கள்ளப் பழம்' என்று சொல்லவில்லை ஐயா! பறித்த கை மட்டும் எப்படிக் கள்ளக் கை ஆகும்? ஆகவே, காரணம் கூப்பிடுகிறவனின் தேவையே என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுகிறேன். (கைதட்டல்)