ஒஸ்டின் காரும் யாழ்ப்பாணத்து வணிகப் பாதையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் திருமண வீடொன்றில் மணமக்களை ஏற்றிச் செல்ல மலர் சூடி நிற்கும் பழைய ஒஸ்டின் காரைக் காணாத நேயர் அரியர். உருண்ட முன்மூக்கும் தடித்த இரும்புத் தகடும் உடைய அந்த வண்டி, இங்கிலாந்தில் பேர்மிங்காம் நகரின் அயலிலுள்ள லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் உருவானது. ஏ நாற்பது சோமர்செட் என்னும் பெயருடைய அவ்வகை 1952 முதல் 1954 வரையே செய்யப்பட்டது. ஆக, அதனைச் செய்தவர்கள் கைவிட்டு எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் அது இன்னும் ஓடுகிறது.

இயந்திரம் தானாக நெடுங்காலம் வாழ்வதில்லை. தேய்ந்த வளையத்துக்கு வேறு வளையமும், உடைந்த பற்சக்கரத்துக்கு வேறு பற்சக்கரமும் கிடைத்தால்தான் அது வாழும். அந்த வளையமும் பற்சக்கரமும் எவ்வழியாக வந்தன, எப்போது வராமல் நின்றன, நின்றபோது மக்கள் என் செய்தனர் என்று ஆராய்ந்தால், அது ஒரு காரின் கதையாக நில்லாது ஒரு நிலப்பகுதியின் வரலாறாக விரிகிறது.

யாழ்ப்பாணம் கடல் வாணிகம் அறியாத நாடு அன்று. ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று துறைகள் அதன் கரை நெடுகிலும் அமைந்திருந்தன. குடாநாட்டுப் புகையிலை திருவாங்கூருக்குச் சென்றது. பனைமரம் தென்னிந்தியக் கரைக்குச் சென்றது. பர்மாவிலிருந்து அரிசி வந்தது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்மரக் கப்பல், அவ்வூர் மாலுமிகளின் கையால் செலுத்தப்பட்டு, அத்திலாந்திக் மாகடலைக் கடந்து 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையைச் சென்றடைந்தது. இத்தகைய கடலோடிகள் வாழ்ந்த நாட்டுக்கு, மோட்டார் வண்டியும் அதன் உதிரிப்பாகமும் அதன் சொந்தத் துறைகள் வழியாக வரவில்லை. அவை கொழும்பு வழியாகவே வந்தன. இதற்குக் காரணம் என்ன?

முதற் காரணம் கடலின் ஆழம். பாக்கு நீரிணை ஆழமற்றது. பாய்மரக் கப்பலுக்கு இடங்கொடுத்த அந்நீர், பெரிய நீராவிக் கப்பலுக்கு இடங்கொடுக்கவில்லை. இரண்டாவது காரணம் கொழும்பின் எழுச்சி. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு அணை 1885இல் நிறைவெய்தியது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே செல்லும் கப்பல்களுக்கு அது தலைசிறந்த தங்குதுறையாயிற்று. மூன்றாவது காரணம் இருப்புப் பாதை. 1905ஆம் ஆண்டில் கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைத்துப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. அன்று முதல் மேனாட்டுப் பொருள் கடல் வழியாகக் கொழும்புக்கும், அங்கிருந்து தரை வழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வடக்கேயும் செல்வது வழக்கமாயிற்று. இது வசதியான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வசதியோடு ஓர் அபாயமும் பிறந்தது. ஒரு வாயில் மட்டும் உடைய வீட்டில், அவ்வாயில் அடைபட்டால் உள்ளிருப்பவர் நிலை யாது?

அக்கேள்வி எழுவதற்கு முன் நல்ல காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் பிரித்தானியா கடனில் ஆழ்ந்திருந்தது. ஏற்றுமதியாற் பணம் தேடவேண்டிய நிலையில், அந்நாட்டு அரசாங்கம் பிறநாடுகளுக்குக் கார் விற்கும் தொழிற்சாலைகளுக்கே உருக்கை முதலிற் பங்கிட்டு அளித்தது. இலங்கையோ ஸ்டேர்லிங் நாணய வட்டத்தினுள் இருந்தது. அமெரிக்கக் கார் வாங்க டொலர் வேண்டும், டொலர் அரிது. ஆங்கிலக் கார் வாங்க ஸ்டேர்லிங் போதும். அது கைவசம் இருந்தது. ஒஸ்டினும் மொரிஸும் இலங்கை வீதிகளை நிறைத்தமைக்கு இதுவே பெருங்காரணம். 1952இல் அவ்விரு நிறுவனங்களும் ஒன்றிணைந்தமையால், பின்னர் வந்த பல வண்டிகளுக்கு ஒரே குடும்பத்து இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகத்தரும், மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்துடன் திரும்பியோரும், வாடகைக்கு ஓட்டுவோரும் இவற்றை வாங்கினர்.

அந்நாளில் ஓர் உதிரிப்பாகம் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த முறை கேட்கத்தக்கது. கொழும்பு வணிகர் பொருளின் இலக்கத்தையும் தொகையையும் குறித்து இங்கிலாந்துக்குக் கட்டளை அனுப்புவார். அவருடைய வங்கி, பணத்துக்கு உறுதி கூறும் நாணயக் கடிதத்தை அங்குள்ள வங்கிக்கு விடுக்கும். பல வணிகரின் சிறு பெட்டிகளைத் திரட்டி, கப்பலில் இடம் பிடித்து, காப்புறுதி செய்து ஏற்றுவது சரக்கு அனுப்பும் முகவரின் தொழில். கப்பற் கம்பனி சரக்குச் சீட்டு ஒன்றை எழுதிக் கொடுக்கும். அச்சீட்டை வைத்திருப்பவருக்கே பொருள் சொந்தம். அது வங்கிகளின் வழியாகக் கொழும்பை அடையும். கப்பல் வந்ததும் துறைமுக முகவர் அச்சீட்டுடன் சுங்கத்துக்குச் சென்று, தீர்வை செலுத்திப் பெட்டியை மீட்பார். நாள் தவறினால் தாமதக் கட்டணம் ஏறும். பின்னர் அப்பெட்டி புகையிரதத்தின் சரக்குப் பெட்டியில் வடக்கே பயணமாகும். ஒரு சிறு வால்வு, தொழிற்சாலையிலிருந்து யாழ்ப்பாணத்துக் கடையின் தட்டுக்கு வருமுன் இத்தனை கைகள் மாறிற்று. இவற்றுள் ஒரு கை தளர்ந்தாலும் யாழ்ப்பாணத்தில் ஒரு கார் நிற்கும்.

முதலில் தளர்ந்தது பணத்தின் கை. 1960களின் தொடக்கத்தில் இலங்கையின் அந்நியச் செலாவணி குன்றவே, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. கார் இறக்குமதி மிகச் சுருங்கியது; உதிரிப்பாகத்துக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டியதாயிற்று. 1967 ஜூன் மாதத்தில் சுயெஸ் கால்வாயும் மூடப்பட்டது. இங்கிலாந்துக் கப்பல்கள் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, மூவாயிரம் கடல் மைலுக்கு மேல் கூடுதலாக ஓடியே கொழும்பை அடைந்தன. எட்டு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி மேலும் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது.

இக்காலத்திலேதான் யாழ்ப்பாணத்துப் பட்டறைகள் தம் கல்வியைக் கற்றன. வாங்கி மாற்றுவது ஒரு தொழில். செய்து மாற்றுவது வேறு தொழில். கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவர் பித்தளையைக் கடைந்து புதிய புஷ் செய்தார். தேய்ந்த தண்டுக்குப் பற்றுவைத்து மீண்டும் உருட்டினார். பழைய டயரை வெட்டி இறப்பர்த் துண்டுகள் ஆக்கினார். ஓடாத ஒரு கார் ஓடும் மூன்று கார்களுக்கு உறுப்பளித்தது. அக்கரையிலே, கல்கத்தாவின் அயலிலுள்ள உத்தரபாராவில், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் வண்டியின் வழிவந்த அம்பாசிடர் கார் 1957 தொடக்கம் உற்பத்தியாகியது. அதன் இயந்திரமும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் வண்டியின் இயந்திரமும் ஒரே குடும்பத்தவை. இங்கிலாந்து மறந்துவிட்ட உறுப்புகளை இந்தியா தொடர்ந்து செய்துவந்தது பழைய கார்களுக்கு வாய்த்த நற்பேறு.

1977இல் ஆட்சி மாறியது. இறக்குமதிக் கதவு திறந்தது. யப்பானிய வண்டிகள் பெருகின. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகச் சந்தை செழித்தது. 1980களில் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் எழுந்தது. பழைய ஒஸ்டினுக்கு ஓய்வு கொடுக்கும் வேளை வந்துவிட்டதென்று எவரும் எண்ணியிருக்கலாம். ஆனால் வரலாறு வேறு வழியில் திரும்பியது.

1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டது. வடபகுதிப் புகையிரதம் நின்றது. ஆனையிறவு வழி அடைபட்டது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, பசளை, வாகன உதிரிப்பாகம் முதலியன வடக்கே செல்வது தடுக்கப்பட்டது. கொழும்பில் இறங்கிய பெட்டி முழுப் பயணத்தையும் முடித்திருந்தும், கடைசி ஒரு கண்ணி அறுந்தமையால் வரமுடியாததாயிற்று. 1990களின் முற்பாதியில் மக்களே உயிரைப் பணயம் வைத்துக் கிளாலிக் கடல்நீரேரியை இரவிற் படகிற் கடந்த காலம் அது.

அப்போது பழைய ஒஸ்டின் மறுபிறப்பு எடுத்தது. அதன் இயந்திரம் குறைந்த அமுக்கத்தில் இயங்குவது. அதனால் தரங்குறைந்த எரிபொருளையும் அது ஏற்றுக்கொண்டது. ஓட்டுநர் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபறேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்புவார். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். கரும்புகை கக்கியவாறு கார் நகரும். உயர்ந்த அமுக்கமுடைய புதிய பெற்றோல் வண்டிகளுக்கு இது எளிதில் இயலாதது. எனவே புதியவை நின்றன, பழையவை ஓடின.

இதற்கு விலையும் இருந்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் இயந்திர எண்ணெயிற் கலந்து அதனை நீர்க்கச் செய்தது. வளையங்களும் தாங்கிகளும் விரைவில் தேய்ந்தன. உறுப்புகள் வராத காலத்திலேதான் உறுப்புகள் அதிகம் தேய்ந்தன. அந்த இடைவெளியை நிரப்பியவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாட்டின்கீழ்த் தொழில் பயின்ற பட்டறைக் கைவினைஞரும் அவர்தம் மாணாக்கருமே. நோயாளியும், பிரசவ வேதனையுற்ற தாயும், இறந்தவர் உடலும் அந்த வண்டிகளிலேயே சென்றனர். மின்சாரமில்லா வீடுகளில் மிதிவண்டிச் சக்கரத்தைச் சுழற்றி, அதன் டைனமோவின் வலுவால் மக்கள் வானொலி கேட்டதும் அந்நாட்களிலேதான். வசதி இல்லாவிடத்து அறிவு எவ்வாறு தொழிற்படும் என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள். ஆயினும் இதனைப் புகழ்வதோடு அமைதல் தகாது. காலத்தில் வண்டி கிடையாமையால் இழந்தவற்றை எந்தக் கைவினையும் மீட்டுத் தரவில்லை.

இவ்விடத்து ஒரு முரண் நினைக்கத்தக்கது. அதே 1990களில் தென்னிலங்கையில் மொரிஸ் மைனர் காருக்குரிய உறுப்புகள் செய்யப்பட்டு, இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள பழைய கார் ஆர்வலரின் நிலையத்துக்குக் கப்பலில் அனுப்பப்பட்டன. உறுப்புகளை அனுப்பிய நாட்டுக்கே இலங்கைத் தொழிலாளர் உறுப்புகளைத் திருப்பி அனுப்பினர். ஒரே தீவினின்று பேர்மிங்காமின் நாட்டுக்குச் செல்ல வழி இருந்தது. யாழ்ப்பாணத்துக்குச் செல்ல வழி இருக்கவில்லை. தூரம் என்பது மைலால் மட்டும் அளக்கப்படுவதன்று.

2002 ஏப்ரல் மாதத்தில் கண்டி வீதி திறக்கப்பட்டபோது லொறிகள் வடக்கே வந்தன. 2006 ஓகஸ்டில் அது மீண்டும் மூடப்பட்டது. அக்காலத்தில் சரக்கு கப்பல் வழியாகவே குடாநாட்டை அடைந்தது. யாழ்ப்பாணத்தின் பழைய துறைகள் வணிகத்தால் அன்றி நெருக்கடியால் நினைவுகூரப்பட்டன. 2009இல் யுத்தம் முடிந்தபின் வீதி மறுபடி திறந்தது. 2014 ஒக்டோபரில் புகையிரதம் யாழ்ப்பாணத்தையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் திரும்ப அடைந்தது.

இன்று அனுப்பும் முறை எளிதாகிவிட்டது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் உறவினர் பழைய கார் உறுப்பொன்றைத் தேடி வாங்கிச் சரக்கு முகவரிடம் கொடுக்கிறார். முகவர் அதனைப் பலருடைய பெட்டிகளுடன் ஒரே கொள்கலனில் அடுக்கி அனுப்புகிறார். ஆயினும் கொள்கலன் இறங்குவது கொழும்பிலேதான். 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியமை, அடைபட்டிருந்த பழைய வாயிலொன்று சிறிது திறந்தமைக்கு அடையாளம்.

ஒஸ்டின் காரைப் பார்த்து வியப்போர் பெரும்பாலும் அதன் உறுதியையே வியக்கின்றனர். உறுதி பேர்மிங்காம் தந்தது; நீண்ட ஆயுளைத் தந்தது யாழ்ப்பாணம். ஒரு வழியை மட்டும் நம்பி வாழ நேர்ந்த மக்கள், அவ்வழி அடைபட்டபோதெல்லாம் தம் கையையே இரண்டாவது வழியாக்கினர். அக்கைகளுக்கு உரிய பெருமையை அளிக்கும் அதே வேளையில், அவை அத்துணை பாடுபட வேண்டாத ஒரு காலத்தை அமைப்பதும் வரலாற்றைக் கற்றவர் கடன் ஆகும்.