ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப்பணி: கோழியும் தேனும் வந்தன, நிலம் வந்ததா?

ராசிங்காபுரத்தில் மாலையானால் வலை கட்டி வாலிபால் ஆடும் தோழர்களே, அந்த ஆட்டம் பிறந்த இடம் தெரியுமா? 1895இல், அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறித்தவ வாலிபர் சங்கத்தில். 1844இல் லண்டனில் துணிக்கடை ஊழியர் ஜார்ஜ் வில்லியம்ஸ் தன் கூட்டாளிகளோடு தொடங்கிய சங்கம் அது. 1890இல் சென்னைக்கு வந்தது. 1920இல் ஹாரி பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விப் பள்ளிதான் இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி.

ஆனால் நாம் படிக்க வேண்டியது இந்தச் சங்கத்தின் கிராமப்பணி வரலாற்றை.

சேலத்தில் 1876இல் பிறந்த கே.டி. பால், 1916இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச்செயலாளர் ஆனார். அதற்கு முன்பே கிராமப்பணிக்கு வழி வகுத்தவரும் அவரே. அன்று கிராமச் சபைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள். ஞானஸ்நானம் பெற்ற மறுநாளும் அவர்கள் பண்ணையாருக்குக் கடனாளிகள்தான். அதனால்தான் பால் கூட்டுறவுக் கடன் சங்கங்களை வலியுறுத்தினார்.

1920களில், அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில் சங்கத்தின் கிராமப் புனரமைப்பு மையம் உருவானது. அதை நடத்தியவர் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர். நல்ல இனக் கோழிகள், முட்டை விற்கக் கூட்டுறவு, பெட்டியில் தேனீ வளர்ப்பு என்று வேலைகள் நடந்தன. தேனீப் பெட்டி வைக்க ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். கூலிக்குப் போகிறவரும் வளர்க்கலாம். மார்த்தாண்டம் தேனுக்கு இன்றும் பெயர் உண்டு. இந்த உழைப்பை நாம் குறைத்துப் பேசக்கூடாது.

ஆனால் அதே திருவிதாங்கூரில்தான், 1924இல், வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது. முட்டை நல்ல விலைக்குப் போனால் வருமானம் கூடும், சாதி குறையுமா? நிலமில்லாதவருக்கு ஒரு தொழில் கற்றுத்தருவது நல்ல காரியம். அவருக்கு ஏன் நிலமில்லை என்று கேட்பது அடுத்த காரியம். அந்த இரண்டாவது காரியம் கோழிப்பண்ணையில் நடக்காது.

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு கே.டி. பாலும் போனார், அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் போனார்கள். கிறித்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்பது பாலின் நிலைப்பாடு. ஒடுக்கப்பட்டோருக்கு அரசியல் பாதுகாப்பு வேண்டும் என்றார்கள் மற்ற இருவரும். தலித்தாகவும் கிறித்தவராகவும் இருப்பவர் எந்தக் கணக்கில் வருவார்? 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை பதில் சொன்னது: பட்டியல் சாதிக் கணக்கில் வரமாட்டார். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. தலித் கிறித்தவருக்கு இன்னும் திறக்கவில்லை.

விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறுகிறவர்களின் பிள்ளைகள் நாம். வாலிபர் சங்கம் தொடங்குங்கள், வலை கட்டுங்கள், மாலை வகுப்பு நடத்துங்கள், சிறுசேமிப்பும் சேருங்கள். சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே கூலியையும் நிலத்தையும் பற்றிப் பேசுங்கள். ஜெய்பீம்!