ஆனந்த், விசுவநாதன்: சர்வதேசச் சதுரங்க நிர்வாகத்தில்

1969ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் மயிலாடுதுறையில் பிறந்து, தாயார் சுசீலாவிடம் சதுரங்கத்தின் பாலபாடம் கற்று, 1988இல் பாரத தேசத்தின் முதல் கிராண்ட்மாஸ்டராகிப் பின்னர் ஐந்து முறை உலக சாம்பியன் பட்டம் பெற்ற விசுவநாதன் ஆனந்த், 2022இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் துணைத் தலைவரானார். அந்த ஸ்தாபனத்தின் தீர்மானங்களால் அவரளவு சிரமப்பட்ட ஆட்டக்காரர் மிகச் சிலரே.

1924இல் பாரிஸ் நகரில் தோன்றிய ஃபிடே, 1993இல் உலக சாம்பியன் காஸ்பரோவும் அவருக்குச் சவால் விட்ட ஷார்ட்டும் அதனைத் துறந்து தனிச் சங்கம் கண்டபோது பெரும் பிளவுக்கு உள்ளாயிற்று. ஒரே காலத்தில் இரண்டு உலக சாம்பியன்கள் விளங்கிய அந்த விசித்திரம் 2006 வரை நீடித்தது. இக்குழப்பத்தின் நடுவே, 1997 டிசம்பரில் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் தோற்றவர் வெளியேறும் முறையில் மூன்று வாரமாக எதிராளிகளை ஒருவர்பின் ஒருவராக வென்று, ஈற்றில் மைக்கேல் ஆடம்ஸையும் வீழ்த்திய ஆனந்த், இரண்டொரு நாளிலேயே ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகருக்கு விரைந்து, முந்தைய சுற்று ஒன்றிலும் ஆடாமல் நேரே இறுதிப் போட்டிக்கு அனுமதிக்கப்பெற்றிருந்த ஃபிடே சாம்பியன் கார்போவை எதிர்கொள்ள நேர்ந்தது. ஆறு ஆட்டங்கள் 3–3 என்று சமநிலையில் முடிய, துரித ஆட்டங்களில் ஆனந்த் தோற்றார். அட்டவணை வகுத்தோர்க்கு அதில் பெரும் பங்குண்டு என்றே சொல்ல வேண்டும். 2010இல் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய விமானப் போக்குவரத்தை முடக்கியபோது, உலகப் பட்டப் போட்டிக்காகப் பிராங்பர்ட்டிலிருந்து தரைமார்க்கமாகவே சோபியா சென்ற அவர் மூன்று நாள் அவகாசம் கேட்டார். கிடைத்தது ஒரே நாள். ஆயினும் அம்முறை எதிராளி டோபலோவை வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

உக்ரைன் யுத்தத்தின் காரணமாக மாஸ்கோவிடமிருந்து பறிக்கப்பெற்ற சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கு வந்தபோது, 2022 ஆகஸ்ட் 7ஆம் நாள் சென்னையில் கூடிய ஃபிடே பேரவையில், ரஷ்யரான துவோர்கோவிச் 157 வாக்குகளுடன் மீண்டும் தலைவராக, அவருடன் இணைந்து நின்ற ஆனந்த் துணைத் தலைவரானார். எதிரணிக்கு விழுந்தவை 16. சிறு தீவுக்கும் பெருந்தேசத்துக்கும் ஆளுக்கொரு வாக்கே உள்ள அச்சபையில், உலகெங்கும் மதிக்கப்பெற்ற ஆனந்தின் பெயர் ரஷ்ய வேட்பாளருக்குப் பெரும் பக்கபலமாயிற்று என்பதில் ஐயமில்லை.

பதவியின் சங்கடம் 2024 டிசம்பரில் நியூயார்க்கில் வெளிப்பட்டது. அங்கு நடந்த உலகத் துரித சதுரங்கப் போட்டிக்கு உடை விதிக்கு மாறாக ஜீன்ஸ் அணிந்து வந்த கார்ல்சன், உடனே உடை மாற்ற மறுத்ததால் ஒரு சுற்றில் சேர்க்கப்படாமல், கோபமுற்றுப் போட்டியிலிருந்தே விலகினார். ஃபிடே சார்பில் அவ்விதியை வலியுறுத்திய ஆனந்த் துணைத் தலைவர் பதவிக்குப் பக்குவப்பட்டவர்தாமா என்று அவர் பகிரங்கமாகச் சந்தேகம் எழுப்பினார். 2013இல் சென்னையிலேயே ஆனந்திடமிருந்து உலகப் பட்டத்தைக் கைப்பற்றியவர் இந்தக் கார்ல்சன்தான். சில நாட்களில் தலைவர் துவோர்கோவிச் உடை விதியைத் தளர்த்தவே, கார்ல்சன் ஜீன்ஸுடனேயே அதிவேக ஆட்டமான பிளிட்ஸ் போட்டிக்குத் திரும்பி, அப்பட்டத்தை நெபோம்னியாஷியுடன் பகிர்ந்துகொண்டார்.