கோஜாகிரி இரவும் மசாலாப் பாலும்

கோஜாகிரிப் பௌர்ணமிக்கு என்ன குடிப்பீர்கள் என்று புனேயில் யாரைக் கேட்டாலும் மசாலாப் பால் என்பார்கள். பழைய தர்மநூல்கள் அந்த இரவுக்குச் சொன்னது தேங்காய்த் தண்ணீரை. 1612இல் காசியில் கமலாகர பட்டர் எழுதிய நிர்ணயசிந்துவில், ஆசுவின மாதப் பௌர்ணமியன்று லட்சுமியையும் இந்திரனையும் பூசித்து, தேங்காயும் அவலும் படைத்து, தேங்காய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சூதாடிக்கொண்டே விழித்திருக்க வேண்டும் என்று வருகிறது. விழித்திருப்பவர் யார் என்று கேட்டபடி லட்சுமி வலம் வருவாள், விழித்திருப்பவருக்குச் செல்வம் தருவாள் என்பது நம்பிக்கை. கமலாகரரின் முன்னோர் கோதாவரிக் கரையிலுள்ள பைட்டணிலிருந்து காசிக்குக் குடிபோனவர்கள்தான்.

இதையெல்லாம் பாண்டுரங்க வாமன் காணே தம் தர்மசாஸ்திர வரலாற்றில் திரட்டி வைத்திருக்கிறார். அதை வெளியிட்ட பண்டார்கர் ஆய்வு நிறுவனம் 1917இல் புனேயில் தொடங்கியது. நான் குடியிருக்கும் ஔந்திலிருந்து பல்கலைக்கழகச் சந்திப்பைத் தாண்டிப் போனால் எட்டிவிடும் தூரம். வங்காளிகள் இன்றும் அதே பௌர்ணமி லட்சுமி பூஜைக்குத் தேங்காயும் அவலும் வைக்கிறார்கள். மிதிலையில் மக்கானா எனும் அல்லி வகை விதைப் பொரியும் வெற்றிலையும். சூடான பால் மராத்தியரின் சேர்க்கை என்று இதை வைத்துத்தான் சொல்கிறேன்.

கோஜாகிரி ஆதியிலிருந்தே பெரியவர்களின் இரவு. நகரத்து ரசிகன் கொண்டாட வேண்டிய விழாக்களில் ஒன்றாகக் கௌமுதி ஜாகரத்தை, அதாவது இந்த நிலா விழிப்பை, காமசூத்திரம் சொல்கிறது. முத்ராராட்சசம் நாடகத்தில் சந்திரகுப்தன் அறிவித்த கௌமுதி விழாவைச் சாணக்கியன் தடுக்கிறான். அரசனும் அமைச்சனும் சண்டையிட்டதாக ஊர் நம்புவதற்கு அந்த ஒரு விழாவை நிறுத்தினாலே போதுமாக இருந்தது.

பால் எப்படி வந்தது? என் பதில் மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது. நம் நாட்டு எருமைகள் பெரும்பாலும் ஆடியிலிருந்து கார்த்திகைக்குள் கன்று ஈனும். மழை ஓய்ந்து புல் செழித்திருக்கும் ஐப்பசி வாக்கில் மடி நிறையப் பால். தக்காணத்து மேட்டுநிலத்தில் அப்போது பகலில் வெயில் கொளுத்தும், ராத்திரியில் இருபது டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். தென்னை கொங்கணத்துக்காரருக்குச் சொந்தம். மலைக்கு இந்தப் பக்கம் எருமைதான். ராய்கட் கோட்டையில் பால் விற்க ஏறிய ஹிர்கணி, கதவு அடைத்துவிட்டதால் கைக்குழந்தைக்காகச் செங்குத்துப் பாறையில் இறங்கி வீடு சேர்ந்தாள் என்ற கதை கோஜாகிரி இரவில் நடந்ததாகவே சொல்லப்படுகிறது. கோட்டையில் ஹிர்கணி புருஜ் என்ற கொத்தளம் இருக்கிறது. கதையோ நிஜமோ, அன்றிரவு பால் தேவைப்பட்டது என்பது மக்கள் நினைவில் பதிந்திருக்கிறது.

நான் கும்பகோணத்துக்காரி. கல்யாணமாகி வந்து சேர்ந்தது முளா நதிக்கரை ஔந்த். (சாத்தாரா மாவட்டத்தில் பந்த் பிரதிநிதிகள் ஆண்ட சமஸ்தானமும் ஔந்த்தான், அது வேறு ஊர்.) எங்கள் சொசைட்டி மொட்டைமாடியில் பால் காய்ச்சுவது கீழ்வீட்டுக் காகூ (மராத்தியில் சித்தி). எருமைப்பாலை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, ஓரத்தில் படியும் ஏட்டை வழித்து உள்ளே தள்ளிக்கொண்டே முக்கால் பங்காகச் சுண்டவிடுவார். பாதாம், பிஸ்தா, ஏலக்காயைச் சர்க்கரையோடு சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடித்துப் போடுவார். சாரைப்பருப்பு முழுசாக. குங்குமப்பூவைக் கொஞ்சம் சூடான பாலில் ஊறவைத்துக் கடைசியில். ஜாதிக்காயை நான் உரசிக்கொண்டிருந்தபோது கையைப் பிடித்துவிட்டார்.

“போதும்டி, போதும். அதிகமானா தூக்கம் வந்துடும். இன்னிக்கு யாரும் தூங்கக் கூடாது.”

“சரி காகூ, அப்ப எதுக்கு இதைப் போடணும்?”

“வாசனைக்கு. ராத்திரிப் பால் செரிக்கணுமே.”

பாத்திரத்துப் பாலில் நிலா தெரிந்த பிறகுதான் டம்ளர்கள் வரும். வீட்டின் மூத்த பிள்ளைக்கு ஆரத்தி எடுத்துப் புதுத்துணி கொடுப்பதும் அன்றைக்குத்தான். அறுபது வயதானாலும் மூத்தது மூத்ததுதான், உட்கார்ந்து பொட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வழக்கத்தைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கிறது.

2023இல் அக்டோபர் 28 அன்று எங்களூர்ப் பக்கத்துச் சிவன் கோயில்களில் ஐப்பசி அன்னாபிஷேகம், இங்கே கோஜாகிரி. ஒரே நிலா. பின்னிரவில் பகுதிக் கிரகணம் என்பதால் பாலைச் சீக்கிரமே காய்ச்சி முடித்தோம்.

இப்போது அக்டோபர் கடைசியில் ஔந்தின் கடைகளில் ஹாலோவீன் பூசணியும் தொங்குகிறது. 2020இல் கோஜாகிரி 30ஆம் தேதி, ஹாலோவீன் 31. குழந்தைகள் முகமூடி மாட்டிக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே ஒரு சந்திப்புக்கு ஜெர்மனியின் பிரேமன் நகரத்தின் பெயர். அந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் வைனைச் சூடாக்கிப் பட்டையும் கிராம்பும் போட்டுத் தெருவில் நின்று குடிப்பார்கள். குளிர் தொடங்கினால் கையில் சூடான டம்ளரோடு கூடி நிற்க எல்லா ஊர்ப் பெரியவர்களுக்கும் ஆசை இருக்கிறது. நம்முடையது நம் எருமையிலிருந்தும் நம் ஏலக்காயிலிருந்தும் வந்தது, அதை விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

கணேஷ் பேட்டையின் தூத்பட்டிப் பால் சந்தையில் கோஜாகிரியன்று விலை ஏறும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாலில் கரைக்கும் மசாலாப் பொட்டலம்தான் எனக்கு ஆகாது: மஞ்சள் நிறம் குங்குமப்பூவுடையதா வேறெதனுடையதா என்று தெரியாது, நாக்கில் பருப்பின் கடி இல்லை. போன வருஷம் காகூவுக்குக் கைவலி. பருப்பு பொடிப்பதை நானும் மூன்றாம் மாடிப் பெண்ணும் ஏற்றுக்கொண்டோம். குழந்தைகளைத் தூங்க அனுப்பிவிட்டு ஹௌஸி ஆடினோம். நிர்ணயசிந்து சொன்ன சூதாட்டத்தில் இங்கே மிஞ்சியிருப்பது அதுதான். பந்தயம் டிக்கெட்டுக்குப் பத்து ரூபாய்.