பேய்க்கு அஞ்சிப் பூட்டிய புகைவண்டி நிலையம்

வரலாறு என்றவுடன் அரசர்களையும் போர்களையும் மட்டுமே எண்ணுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால், ஒரு சிற்றூரின் புகைவண்டி நிலையத்திற்கும் வரலாறு உண்டு. அவ்வூர் மக்களின் படிப்பும் பிழைப்பும் அதனோடு பிணைந்தவை. மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்திலுள்ள பேகுன்கோடர் நிலையத்தின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நன்று எனக் கருதி, ஈண்டுச் சுருக்கித் தருகின்றோம்.

புருலியா, 1956 ஆம் ஆண்டு பீகாரிலிருந்து பிரிக்கப்பெற்று மேற்கு வங்காளத்தோடு இணைக்கப்பெற்ற மாவட்டமாகும். வானம் பார்த்த மேட்டு நிலம். சந்தாளர் முதலிய பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் பகுதி. கூலி வேலைக்கும் மருத்துவத்திற்கும் மேற்படிப்பிற்கும் வெளியூர் செல்ல வேண்டிய மக்களுக்கு இரயில் எத்துணைப் பெரிய துணை என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. அங்கே 1960 ஆம் ஆண்டு பேகுன்கோடர் நிலையம் திறக்கப்பெற்றது. அதனைப் பெற்றுத்தர முயன்றவர்களுள் சந்தாள அரசியார் இலச்சன் குமாரி முதன்மையானவர் என்பர்.

ஏழாண்டுகளே அந்நிலையம் நடைபெற்றது. 1967 ஆம் ஆண்டு, வெண்புடவை உடுத்த பெண்ணொருத்தியின் ஆவியை இருப்புப்பாதையருகே கண்டதாக நிலைய ஊழியர் ஒருவர் கூறினார். பின்னர் நிலைய அதிபர் இறந்தார் என்றும், அதற்கும் அவ்வாவியே காரணம் என்றும் கதை பரவிற்று. ஊழியர்கள் அங்குப் பணியாற்ற மறுத்தனர். வண்டிகள் நில்லாமற் சென்றன. நிலையம் மூடப்பெற்றது.

இதனால் இழந்தவர் யார்? மாற்றல் பெற்றுச் சென்ற ஊழியர் எதனையும் இழக்கவில்லை. இழந்தவர்கள் ஊர்மக்களே. தம் ஊர் வழியே ஓடும் வண்டியைக் கண்ணால் கண்டும், அதில் ஏற வேற்றூர் செல்ல வேண்டியவர்களாயினர். அவ்வாறு கழிந்தவை 42 ஆண்டுகள். நிலையம் மூடிய ஆண்டிற் பிறந்த குழந்தை, மீண்டும் அங்கு வண்டி நின்றபோது நடுத்தர வயதை எட்டியிருந்தது.

எனினும் அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. 1990-களில் குழு அமைத்து, நிலையத்தைத் திறக்குமாறு அதிகாரிகளிடம் முறையிட்டனர். பாங்குரா தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கிய பாசுதேவ ஆச்சாரியா, அவ்வூரில் பணிபுரிய விரும்பாத ஊழியர்கள் கட்டிய கதையே அப்பேய் என்று கூறினார். முடிவில், மம்தா பானர்ஜி இரயில்வே அமைச்சராக இருந்த 2009 ஆம் ஆண்டு நிலையம் மீண்டும் திறக்கப்பெற்றது.

இம்முறை அது 'ஹால்ட்' எனப்படும் சிறு நிறுத்தமாகவே திறக்கப்பெற்றது. ஹால்ட்டில் நிலைய அதிபர் இல்லை. கைகாட்டி மரமும் இல்லை. தரகுக்கு அமர்த்தப்பெற்ற முகவர் ஒருவர் பயணச்சீட்டு விற்பார். வண்டி சற்றே நின்று புறப்படும். இரயில்வேக்குச் செலவு மிகக் குறைவு. ஊருக்கோ பயன் மிகப் பெரிது.

கதை மட்டும் உடனே ஒழியவில்லை. பேயைக் காணவென்றே வெளியூரார் சிலர் வந்து போயினர். 2017 டிசம்பரில் மேற்கு வங்க அறிவியல் மன்றத்தினர் ஒன்பதின்மர், காவலர் துணையுடன் இரவில் அங்குத் தங்கி ஆராய்ந்தனர். பேய் எதுவும் அகப்படவில்லை. வருவோரை அச்சுறுத்த முயன்ற உள்ளூர் ஆட்களே அகப்பட்டனர்!

இந்நிலையத்தை எண்ணுங்கால் மராட்டிய மாநிலத்தின் மசூர் நிலையமும் நம் நினைவிற்கு வருகின்றது. 1901 ஆம் ஆண்டு, தந்தையைக் காணப் புறப்பட்ட சிறுவர் அம்பேத்கர், தம் தமையனோடும் தமக்கையின் மக்களோடும் அங்கு இறங்கினார். அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. முதலில் பரிவு காட்டிய நிலைய அதிபர், அவர்கள் மகர் குலத்தினர் என்றறிந்ததும் முகம் மாறினார். இரட்டைக் கூலி தருவதாகக் கூறியும் வண்டியோட்ட எவரும் இசைந்திலர். இறுதியில் சிறுவர்களே மாட்டுவண்டியை ஓட்டினர். வண்டிக்காரர் உடன் நடந்து வந்தார். இதனை அண்ணல் தாமே எழுதியுள்ளார். மசூரில் நிலையம் இருந்தது, அதிபர் இருந்தார், வண்டிகளும் இருந்தன. பிள்ளைகளுக்கு மட்டும் வழியில்லை. தீட்டு என்பதும் எவரும் கண்ணாற் கண்டறியாத ஒன்றே. அதற்கும் மனிதர் அஞ்சினர். அவ்வச்சத்தின் விலையைப் பிறர் கொடுத்தனர்.

இளைஞர்களே! ஓர் அச்சத்தை எவரேனும் உங்களிடம் கூறினால் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். இதனைக் கண்டவர் யார்? இதனை நம்புவதால் நலம் பெறுபவர் யார்? இவ்விரண்டையும் 1967-லேயே உரக்கக் கேட்டிருந்தால், பேகுன்கோடர் மக்கள் 42 ஆண்டுகளை இழந்திருக்க மாட்டார்கள். கேட்கும் துணிவும், கேட்டதை மனுவாக எழுதும் ஆற்றலும், பலன் கிட்டும்வரை சோராது முயலும் பொறுமையும் கல்வியால் வருவன. அக்கல்வியை நீங்கள் பெறுவதோடு நில்லாமல், நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் பெறச் செய்வீர்களாக.