இதயத்தின் இரு வாயில்கள்

இறப்பர் மரப்பட்டையை அளவறிந்து கீறினால் பால் வழியும். ஆழம் தவறினால் மரம் புண்படும். மொனராகலைத் தோட்டத்தார் நன்கறிந்த இந்நுட்பத்தை ஒத்ததொரு வழியை இதய மருத்துவமும் கண்டது.

2002 ஏப்ரல் 16-இல், பிரான்சின் ரூவான் நகரில் மருத்துவர் அலன் கிரிபியே, மார்பைப் பிளவாமல், வடிகுழாய் வழியே ஒருவருக்குச் செயற்கைப் பெருநாடி வால்வைப் பொருத்தினார். உலகில் அதுவே முதன்முறை. அறுவையைத் தாங்கவியலாத முதியோருக்கு அது புதுவாழ்வளித்தது.

ஆயினும் ஓர் அபாயம் இருந்தது. இம்முறையில் பழைய வால்வு அகற்றப்படுவதில்லை; புதியது அதன் இதழ்களை ஓரந்தள்ளி அமர்கிறது. இதயத்தசைக்குக் குருதியூட்டும் முடியுரு நாடிகள் இரண்டின் வாய்களும் அவ்விடத்தருகே உள்ளன. இதழ் அவ்வாயை மூடிவிடின், உயிர் விரைவில் பிரியலாம். இது அரிதே, எனினும், முன்னரே திசுவால்வு பொருத்தப்பட்டோரிடம் சற்று மிகுதி.

முதலில் மருத்துவர்கள், அடைபட்டால் உடனே விரிக்கவென உலோக வலைக்குழாயை நாடியினுள் ஆயத்தமாக நிறுத்தினர். பின்னர் அமெரிக்காவில் ஜாபர் கான், ரொபேட் லெடர்மன், டானி டிவிர் முதலியோர், மின்னூட்டிய மெல்லிய கம்பியால் அவ்விதழையே பிளந்தனர். புதுவால்வு விரிந்தபின்னும் பிளவினூடே குருதி பாய்ந்தது. பன்றிகளில் சோதித்து, நோயாளரிடமும் செய்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். 'பசிலிக்கா' என்பது அம்முறையின் பெயர்.

இன்று சி.ரி. படத்தால் இடைவெளியை முன்னரே அளந்து, யாருக்கு அக்கீறல் வேண்டுமெனத் தீர்மானிக்கின்றனர். அடைத்தபின் திறக்க முயல்வதினும், அடையாமற் காப்பதே மேலான மருத்துவம்.